சண்முகக்கனியின் மங்கு

தீபாவளி முடிந்து நாலு நாள் ஆகியும் திருத்தங்கல் தெருக்களில் வெடித்த காகிதம் அள்ளித் தீரவில்லை. ராஜபாண்டியன் வீட்டு வாசல் மட்டும் துடைத்துவிட்டது மாதிரி கிடந்தது. சாவு விழுந்த வீட்டில் வருசம் திரும்பும்வரை தீபாவளி ஏது? அவன் பெண்டாட்டி சண்முகக்கனி போன ஐப்பசியில் டெங்குக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். "ஒண்ணுமில்லங்க, மிளகு ரசம் வச்சுக் குடிச்சாச் சரியாயிரும்" என்று சொல்லிப் படுத்தவள்தான். மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மறுநாளே எல்லாம் முடிந்துபோனது. நாற்பது வயதுகூட ஆகவில்லை. இதை எத்தனை பேரிடம் எத்தனை தரம் சொல்லியும் அவனுக்கே நம்பிக்கை வரவில்லை, கேட்கிறவர்களுக்கு எங்கே வரும்?

வருகிற வியாழக்கிழமை முதல் வருசத் திதி. சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. சமையலுக்கு ஆள் பேசியாகிவிட்டது. படத்துக்குத்தான் வழியைக் காணோம்.

படம் இல்லாமல் இல்லை. கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்டு, சந்தன மாலை சாத்தி, ஆள் உயரத்துக்குப் பாதி இருக்கிற படம் தொங்குகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு ராஜபாண்டியனே செய்த படம். அவன் ஆப்செட் பிரஸ்ஸில் டிசைன் செக்‌ஷன் ஆள். கல்யாணக் கார்டு, காதுகுத்துக் கார்டு, காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், எதுவானாலும் அவன் கை பட்டுத்தான் மிஷினுக்குப் போகும். போட்டோ டச்சப்பில் அவனை அடிக்க ஆளில்லை. அம்மைத் தழும்பா, மருவா, கண்ணுக்குக் கீழே கறுப்பா, எல்லாவற்றையும் எடுத்துவிடுவான். "அண்ணன்கிட்டக் குடுத்தா எங்க தாத்தாவையும் மாப்பிள்ளையாக்கிருவாரு" என்று கூட வேலை பார்க்கும் சூர்யபிரகாஷ் கேலி பேசுவான். அப்பேர்ப்பட்ட கை, கட்டின பெண்டாட்டியின் கடைசிப் படத்துக்கு எப்படி உழைத்திருக்கும்! பார்த்தவர்கள் எல்லாம் மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள் என்றார்கள்.

மகள் ஹர்ஷினி மட்டும் அன்றைக்கே சொன்னாள், இது அம்மா இல்லை என்று. பிள்ளை துக்கத்தில் பேசுகிறது என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். அவள் விடவில்லை. வருசம் முழுக்க அந்தச் சுவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். ஒருநாள் ஈரத் துண்டை அந்தப் படத்தின் மேலேயே காயப் போட்டிருந்தாள். ராஜபாண்டியனுக்குச் சுள்ளென்று வந்தது. ஆனாலும் தாயில்லாப் பிள்ளை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, கை ஓங்க முடியுமா? துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டுப் பேசாமல் வேலைக்குப் போனான்.

இப்போது திதிக்கு விளக்கேற்ற அவள்தான் வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்?

"தாயி, வியாழக்கிழமை நீதான் அம்மாவுக்கு விளக்கேத்தணும்" என்றான்.

"வேற போட்டோ வைங்க. ஏத்துறேன்."

"இதுக்கு என்னத்தா கொறச்சல்? எம்புட்டு அழகா இருக்கு."

"அம்மா மூஞ்சில மங்கு இருக்கும்ல? அது எங்கப்பா? எங்க போச்சு?" அவள் குரல் ஏறியது. "சோப்பு விளம்பரத்துல வர்ற பொம்பள மாதிரி இருக்கு. யாரோ ஒரு பொம்பளைக்கு நான் எதுக்கு விளக்கேத்தணும்?"

மங்கு. சண்முகக்கனிக்கு இரண்டு கன்னத்திலும், மூக்குத் தண்டிலும், மேல் உதட்டிலும் பழுப்பாகப் படர்ந்திருந்தது. ஹர்ஷினி வயிற்றில் இருந்தபோது லேசாகத் தலைகாட்டி, பிள்ளை பிறந்தால் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்லி, போகாமல் தங்கிவிட்ட மங்கு. அவளுக்கு ஊருக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. வெடிமருந்து அடைத்த உருப்படிகளைத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டுபோய்க் காயப் போடுகிற மேடையில் பரப்ப வேண்டும். நம்ம ஊர் வெயிலைச் சொல்ல வேண்டுமா? சீசன் ஏற ஏற மங்கும் ஏறியது.

மகள் கேட்டது நியாயம்தான், மங்கு இருக்கிற படமாக ஒன்றை எடுத்து மாட்டிவிட்டால் போயிற்று என்றுதான் ராஜபாண்டியன் முதலில் நினைத்தான். அப்புறம்தான் தேட ஆரம்பித்தான்.

தன் போனில் தேடினான். கனியின் போனில் தேடினான். பிரஸ் சிஸ்டத்தில் அவன் பெயரில் இருந்த போல்டரை எல்லாம் திறந்து திறந்து பார்த்தான். எல்லாப் படத்திலும் கனி பளிங்கு மாதிரி இருந்தாள். எடுத்த படத்தை எல்லாம் அவன்தான் அழகு பார்த்து வைத்திருந்தானே! பிரஸ்ஸில் ஒரு பழக்கம் உண்டு. டச்சப் முடிந்ததும் அதே பேரிலேயே பைலைச் சேவ் பண்ணிவிட வேண்டும், பழசை வைத்திருக்கக் கூடாது. ஒரு தடவை திருத்தாத படம் மாறி மிஷினுக்குப் போய், பெண்ணின் முகத்தில் பரு பருவாக ஒரு கல்யாணக் கார்டு அடித்து முடித்துவிட்டார்கள். பெண் வீட்டார் வந்து போட்ட சண்டையில் முதலாளி சங்கையா அன்றைக்குப் போட்ட சட்டம் அது. ஊரார் கார்டுக்குப் போட்ட சட்டத்தை இந்தப் பாவி மனுஷன் வீட்டுப் படத்துக்கும் வைத்துக்கொண்டான். பிரஸ்ஸில் கை பழகியது வீட்டில் நிற்குமா?

சொந்தக்காரர்களைக் கேட்டான். அவர்கள் அனுப்பியதெல்லாம் ஸ்டுடியோக்காரன் வெள்ளை அடித்த ஆல்பம். ஆதார் கார்டில் முகமே தெரியவில்லை. மச்சினன் வீட்டுக் கல்யாண வீடியோவில் பந்தி நடக்கும்போது ஒரு நொடி வருகிறாள், அதிலும் லைட் வெளிச்சத்துக்குக் கூசி முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொள்கிறாள். அந்த ஒரு நொடியை அவன் நிறுத்தி நிறுத்திப் பார்த்தான்.

முதன்முதலாக அவள் முகத்து மங்கை அவன் எடுத்தது ஹர்ஷினியின் காதுகுத்துக் கார்டில். இருக்கன்குடி கோயிலில் வைத்து மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். மூன்று பேரும் நிற்கிற படம் கார்டின் முகப்பில். புருசன் தன் கையாலேயே செய்த கார்டு என்று அவள் ஆசையாக வாங்கிப் பார்த்தாள். விரலால் தன் முகத்தை ஒரு தடவு தடவினாள். "நல்லாருக்குங்க" என்றாள். உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பெண்டாட்டி சந்தோசத்தில் அழகு பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டானா? அதுதான் இல்லை.

ஹர்ஷினி பெரிய மனுஷி ஆனபோது அடித்த சடங்குக் கார்டும் அப்படித்தான். தெருமுனையில் பிளெக்ஸ் வேறு. சடங்கு வீட்டில் ஒருத்தி எல்லார் முன்னாலும், "யக்கா, கார்டுல இருக்கறது உன் தங்கச்சியா?" என்று கேட்டுவைத்தாள். கூட்டமே சிரித்தது. கனியும் சிரித்தாள். ராஜபாண்டியனும்தான் சிரித்தான்.

அதற்கு அப்புறம்தான் அவள் மெடிக்கல் கடையில் ஏதோ ஒரு கிரீமை வாங்கிப் பூச ஆரம்பித்தாள். பூசிப் பூசி முகம் சிவந்து வெந்துபோன பிறகு விருதுநகரில் ஒரு தோல் டாக்டரிடம் போனாள். அந்த டாக்டர்தான் இப்போது அவனுக்கு நினைவுக்கு வந்தார். தோல் டாக்டர்கள் மருந்து கொடுக்கும் முன்னால் முகத்தைப் படம் எடுத்து வைப்பார்கள் என்று சூர்யபிரகாஷ்தான் சொன்னான். அவன் தங்கச்சிக்கு அப்படி எடுத்தார்களாம்.

"அண்ணே, அங்கன கண்டிப்பா இருக்கும்ணே. அவங்க டச்சப்பெல்லாம் பண்ணமாட்டாங்க."

ராஜபாண்டியன் மறுநாள் காலையிலேயே பஸ் ஏறினான்.

கிளினிக்கில் அவனைத் தவிர எல்லாரும் பெண்கள். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு பெண், தாயோடு வந்த கல்லூரிப் பிள்ளைகள். முன்னே கனியை இங்கே பைக்கில் கொண்டுவந்து விட்டவன்தான் அவன். ஆனால் ஒரு தடவையாவது உள்ளே வந்திருக்கிறானா? பொம்பளை சமாச்சாரம் என்று எதிர்த்த டீக்கடையில் நின்றுகொள்வான். இன்றைக்கு அவள் உட்கார்ந்த பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் நாதியா அவன் பெயரைக் கேட்டதும் யோசித்தார். பெண்டாட்டி பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"சண்முகக்கனி வீட்டுக்காரரா? உட்காருங்க, உட்காருங்க. ஏன் அவங்க அப்புறம் வரவே இல்ல? நல்லா இருக்காங்களா? வெயில்ல போகாம இருக்காங்களா?"

"போயிட்டா டாக்டரம்மா. போன ஐப்பசில. காய்ச்சல்."

டாக்டர் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார். வெளியே அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினார்.

அவன் வந்த காரியத்தைச் சொன்னான். மகள் கேட்டதைச் சொன்னான். "மங்கோட இருக்கற மாதிரி ஒரு படம், ஒண்ணே ஒண்ணு இருந்தாப் போதும்மா. எம்மக விளக்கேத்திருவா."

டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார்.

"எடுத்தோம் சார். அவங்க அனுமதியோடதான் எடுத்தோம். மொத தடவை வந்தப்ப மூஞ்சி செக்கச் செவேல்னு, அடுப்புப் பக்கம் நிக்க முடியாம இருந்தாங்க. அந்தக் கடை கிரீம்ல ஸ்டீராய்டு கலந்திருக்கு. மொதல்ல பளிச்சுன்னு ஆகும், எல்லாரும் ஏமாறுறது அதுலதான். போகப்போகத் தோல் மெலிஞ்சிரும். நிறுத்தினா மங்கு முன்னைவிடக் கறுப்பா வரும். ஏம்மா இப்படிக் கண்டதையும் போட்டீங்கன்னு நான் கொஞ்சம் சத்தம்கூடப் போட்டேன்."

ராஜபாண்டியனும் அன்றைக்குச் சத்தம் போட்டவன்தான். ஈரத் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு அவள் மூலையில் உட்கார்ந்திருந்தபோது, "எதுக்கு இந்தக் கண்ட கருமத்தையெல்லாம் பூசுற?" என்று கத்தினான். எதுக்கு என்பதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அவனும் நின்று கேட்கவில்லை.

"அவ என்ன சொன்னா உங்ககிட்ட?"

டாக்டர் அவனைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று அவர் தயங்கியது தெரிந்தது.

"சொல்லுங்கம்மா. இனிமே எனக்கு வேற யாரு சொல்லப் போறாக?"

"'எங்க வீட்டுக்காரர் பிரஸ்ல இருக்காக. எந்தப் போட்டோ எடுத்தாலும் என் மங்கை எடுத்துட்டுத்தான் வச்சுக்கிடுவாக. வாயால ஒண்ணும் சொல்லமாட்டாக, தங்கமான மனுசன். ஆனா அவுகளுக்குப் பிடிக்கலன்னு எனக்குத் தெரியாதா டாக்டர்? அந்தப் போட்டோல இருக்கறவ மாதிரி ஒரு நாளாச்சும் அவுக முன்னால நிக்கணும்.' இதைத்தான் சொன்னாங்க."

ராஜபாண்டியன் தலையைக் குனிந்துகொண்டான். பிடிக்கவில்லையா? யார் சொன்னது? அந்த மங்கு அவனுக்குப் பிடிக்காமல் இருந்ததே இல்லை. ஒரு முகத்தைச் சிஸ்டத்தில் திறந்தால் கறையை எடுக்க வேண்டும், அம்மட்டும்தான் அவன் கைக்குத் தெரியும். எம்.எல்.ஏ. முகமானாலும் சரி, கைக்குழந்தை முகமானாலும் சரி. அவள் முகத்துக்கு மட்டும் இன்னும் கூடுதல் நேரம் எடுத்துச் செய்வான். அதை அன்பு என்று நினைத்தான். பிடிக்கும் என்று ஒரு நாள் சொல்லியிருந்தால் போதுமே. இத்தனை வருசம் ஒரே பாயில் படுத்து எழுந்தவளிடம் அதைச் சொல்ல இவனுக்கு என்ன வந்தது?

டாக்டர் பேசிக்கொண்டே போனார். அவருக்கும் பேச வேண்டியிருந்தது போல. கடை கிரீமை நிறுத்தியதும் முகம் முன்னைவிட மோசமானது. அதைத் தாங்கிக்கொண்டு, வெறும் ஈரப்பதத்துக்கான கிரீமும் சன்ஸ்கிரீனும் மட்டும் போட்டுப் பொறுமையாக இருந்தாள். தோல் தேறின பிறகுதான் மங்குக்கான கிரீமை எழுதிக் கொடுத்தார். அதற்கு முன் கர்ப்பம் ஏதும் உண்டா, பிள்ளைக்கு நினைத்திருக்கிறார்களா என்று கேட்டு உறுதி பண்ணிக்கொண்டார். ராத்திரி மட்டும், மங்கு இருக்கிற இடத்தில் மட்டும், பட்டாணி அளவுக்கு எடுத்து மெல்லிசாகப் போட வேண்டும். அதுவும் டாக்டர் சொல்கிற வாரக்கணக்குக்குத்தான். இடையிடையே வந்து முகத்தைக் காட்டியே ஆக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுக்கக் கூடாது, தீர்ந்தால் கடையில் போய் அவளாக வாங்கக் கூடாது.

"இவ்வளவு ஒழுங்கா மருந்து போட்ட பேஷண்ட் எனக்கு ரொம்பக் கம்மி சார். மேடை வேலையை விட்டுட்டுப் பேக்கிங் ஷெட்டுக்கு மாத்திக் கேட்டு வாங்கினாங்க. கம்பெனில வெயிலுக்கு நைலான் துணி சுத்தக் கூடாதாமே, தீப்பொறி வருமாம், அதுக்காகப் பருத்தித் துணி வாங்கித் தச்சு மூஞ்சியை மூடிக்கிட்டுப் போனாங்க."

அந்தப் பருத்தித் துணியை ராஜபாண்டியன் பார்த்திருக்கிறான். கம்பெனித் தூசிக்கு என்று நினைத்திருந்தான்.

"கடைசித் தடவை வந்தப்ப நல்லா கொறஞ்சிருந்துச்சு. உத்துப் பார்த்தாத்தான் லேசாத் தெரியும். இதுக்கு மேல வேண்டாம்மா, கிரீமை நிறுத்திருவோம்னேன். இன்னும் ஒரே ஒரு டியூப் எழுதிக் கொடுங்கன்னு கெஞ்சினாங்க. மொத்தமா போகணும்னு ஆசை. கூடுதல் நாள் போட்டா, போக்க முடியாத கறுப்பாயிரும்மா, மங்குல கொஞ்சம் தங்கத்தான் செய்யும்னு எடுத்துச் சொன்னேன். 'அந்தக் கார்டுல இருக்கற மாதிரி வரவே வராதா டாக்டர்?'னு கேட்டாங்க. கார்டுல இருக்கறது தோல் இல்லம்மா, வெறும் மைம்மான்னேன். சிரிச்சாங்க. ஆனா கண்ணு கலங்கிருச்சு."

"அந்தப் படங்க, டாக்டரம்மா?"

"அவங்க மனசு தேறட்டும்னு மொத நாள் எடுத்ததையும் கடைசியா எடுத்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினேன். எம்புட்டு மாறியிருக்கீங்க பாருங்கன்னு." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மொத படத்தைப் பார்த்ததும் பதறிப் போயிட்டாங்க. 'இதெல்லாம் இருக்கக் கூடாது டாக்டர். பூராத்தையும் அழிச்சிருங்க. எங்க வீட்டுக்காரர் கண்ணுல பட்டா மனசு சங்கடப்படுவாக'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அவங்க மூஞ்சி, அவங்க சொல்றதுதானே சார்? அவங்க முன்னாலயே எல்லாத்தையும் அழிச்சிட்டேன். ஒண்ணுகூட இல்ல."

அவன் எழுந்து கும்பிட்டான். என்ன சொல்லிவிட்டு வெளியே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு அழுதான். கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தவர், பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கொடுத்த பிறகு திரும்பி வந்து கேட்டார்.

மகளிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். மறைக்கவில்லை. அம்மா ஏன் கிரீம் போட்டாள், ஏன் அழிக்கச் சொன்னாள், எல்லாவற்றையும். ஹர்ஷினி கத்துவாள், தட்டை வீசுவாள் என்று பயந்துகொண்டுதான் சொன்னான். அவள் அப்படி ஒன்றும் செய்யவில்லை. நகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உங்களுக்குப் பிடிக்காதாப்பா?"

"பிடிக்கும் தாயி."

"அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லல."

அப்புறம் அவளே சொன்னாள். "நீங்களே போடுங்க. அழிக்கத் தெரியும்ல, திரும்பப் போடத் தெரியாதா?"

இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று ராஜபாண்டியனுக்கு ஆச்சரியமாக இருந்தது. மங்கு என்ன, பழுப்பு நிறம்தானே. ஒரு கறையை வரைய முடியாதா அவனால்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனான். காலண்டர் சீசன், பின்கட்டில் ஒரு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. டிசைன் செக்‌ஷனில் யாரும் இல்லை. சிஸ்டத்தைப் போட்டு, சுவரில் தொங்குகிற அந்தப் படத்தைத் திறந்தான். கனி திரை முழுக்க வந்து சிரித்தாள். மகளுக்கு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டான்.

நிறத்தைச் சரியாகப் பிடித்துவிட்டான். அதில் அவனுக்குச் சிரமம் இல்லை. இடது கன்னத்தில் வைத்தான்.

"இங்கனதான தாயி?"

"இன்னும் கொஞ்சம் மேல. கண்ணுக்குக் கீழ இருந்து வரும்."

மேலே ஏற்றினான். "இப்படியா?"

"இல்லப்பா, அது வட்டமா இருக்காது. ஓரம் பிஞ்சு பிஞ்சு இருக்கும்."

ஓரத்தைப் பிய்த்தான். வலது கன்னத்துக்கு வந்தான். வலதில் பெரிதா, இடதில் பெரிதா? அவன் கை நின்றுவிட்டது. எத்தனை வருசம், எத்தனை படத்தில் இந்த முகத்தில் இருந்து எடுத்திருக்கிறான்! கண்ணை மூடிக்கொண்டே செய்வேன் என்று நினைத்திருந்தான். கண்ணை மூடினால் ஒன்றும் வரவில்லை. டச்சப் வேலை அப்படிப்பட்டது. முகத்தில் எந்த இடம் நல்லா இருக்கிறது என்று தேடி, அந்த நல்ல தோலை எடுத்துவந்து கறை மேல் போர்த்த வேண்டும். அவன் கண் எப்போதும் அந்த நல்ல இடத்தைத்தான் தேடியிருக்கிறது. மங்கை அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"வலது பக்கம் எப்படித்தா இருக்கும்?"

"வலது பக்கம்..." ஹர்ஷினி திரையில் விரலை வைத்தாள். எடுத்தாள். வேறு இடத்தில் வைத்தாள். "மூக்குல ஒட்டுமா, ஒட்டாதாப்பா?"

"நீ சொல்லு தாயி."

"கடைசில லேசாயிருச்சுல்ல? மருந்து போட்டாங்கல்ல? அப்ப எம்புட்டு இருந்துச்சு?"

"லேசா... டாக்டரம்மா லேசான்னுதான் சொன்னாக."

"அவங்க சொன்னதைக் கேக்கல. நீங்க பார்க்கலையா?"

அவன் ஒன்றை வரைந்தான். அவள் இல்லை என்றாள். அழித்துவிட்டு இன்னொன்றை வரைந்தான். அதுவும் இல்லை. மேல் உதட்டில் வைத்தது மீசை மாதிரி தெரிந்தது. எடுத்துவிட்டான். மிஷின்காரர்கள் டீ குடிக்கப் போய்விட்டு வந்தும் ஆயிற்று. திரையில் இப்போது இருந்தவள் கனியும் இல்லை, அந்தச் சோப்பு விளம்பரக்காரியும் இல்லை. யாரோ ஒரு பாவப்பட்ட பெண் முகத்தில் சேறு பட்டவள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பப் பாரு தாயி. இது சரியா?"

ஹர்ஷினி பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் உதடு கோணிக்கொண்டு வந்தது.

"எனக்கும் மறந்துருச்சுப்பா" என்றாள்.

அம்மா செத்த அன்றைக்கு அழாத பிள்ளை, வருசம் பூராவும் கல்லு மாதிரி இருந்த பிள்ளை, அவன் தோளில் விழுந்து ஊரே கேட்கிற மாதிரி அழுதது. பின்கட்டில் மிஷினை நிறுத்திவிட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். என்ன அண்ணே, என்ன பாப்பா என்று கேட்டார்கள். மகளைப் பிடித்துக்கொண்டு ராஜபாண்டியனும் அழுதான்.